ஏவினால் மட்டும் போதுமா? எக்ஸ்ரே டெலஸ்கோப் சொல்லித் தரும் பாடம்

2017 ஜூன் 23. காலை 9.29 மணி. தஞ்சாவூரில் எங்கள் கல்லூரி ஹாஸ்டல் அறையில் ஒரே ஒரு லேப்டாப். அதைச் சுற்றி இருபது பேர். இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி38 ராக்கெட் கிளம்பியதும் எல்லோரும் கைதட்டினோம். காரணம் உண்டு. கார்ட்டோசாட்-2 வரிசை சாட்டிலைட்டுடன் சென்ற 30 சின்ன சாட்டிலைட்டுகளில் ஒன்று நம் தமிழ்நாட்டுடையது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் உருவாக்கிய நியூசாட். எடை 15 கிலோ. பயிர்களைக் கண்காணிக்கவும் பேரிடர் நேரத்தில் உதவவும் படம் எடுப்பது அதன் வேலை.

அந்த ஆண்டு ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. டெல்டாவில் வறட்சி. அறையில் இருந்த பாதிப் பேர் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். பயிரைப் பார்க்க நம்மவர்கள் ஒரு சாட்டிலைட் அனுப்புகிறார்கள் என்றால் கைதட்டாமல் இருப்போமா?

அதே ராக்கெட்டில் போன இன்னொரு பயணியைப் பற்றி எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. செக் நாட்டின் விஸ்லுசாட்-1. எடை சுமார் 2 கிலோ. இரண்டு அடுக்கு டிபன் கேரியர் அளவு இருக்கும். அதற்குள் ஒரு எக்ஸ்ரே டெலஸ்கோப்! டிபன் கேரியருக்குள் டெலஸ்கோப்பை எப்படி அடக்கினார்கள்? அதைவிட முக்கியமாக, அது மேலே போய் வேலை செய்யும் என்று கீழேயே எப்படித் தெரிந்து கொண்டார்கள்? இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. இன்று நான் சாப்ட்வேர் இன்ஜினியர். என் வேலையில் பெரும்பகுதி மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சோதிப்பது. அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நம் கல்லூரிகள் சாட்டிலைட்டை ஏவுவதில் காட்டும் ஆர்வத்தைச் சோதிப்பதிலும் காட்ட வேண்டும். அந்தச் சோதனையில் பெரும்பகுதியை, நீங்கள் இப்போது வீட்டில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரிலேயே தொடங்கலாம்.

புதாற்றில் வீசிய ஓட்டாஞ்சில்லு

முதலில் எக்ஸ்ரே டெலஸ்கோப் என்றால் என்ன என்று பார்ப்போம். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு, வெடித்துச் சிதறிய நட்சத்திரம் இவையெல்லாம் பல லட்சம் டிகிரி வெப்பத்தில் எக்ஸ்ரேயை வெளியிடுகின்றன. நம் பூமியின் காற்று மண்டலம் அந்த எக்ஸ்ரேயை உறிஞ்சிவிடும். நமக்கு அது நல்லது, வானியலாளர்களுக்குக் கஷ்டம். எனவே டெலஸ்கோப் மேலே போய்த்தான் ஆகவேண்டும். 1962-ல் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் ஒரு சிறிய ராக்கெட்டில் கருவியை வைத்து அனுப்பி, சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ்ரே மூலத்தைக் கண்டார்கள். 2002-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த சிக்கல், கண்ணாடி. சாதாரண ஒளி கண்ணாடியில் நேராகப் பட்டால் திரும்பி வரும். எக்ஸ்ரே நேராகப் பட்டால் உள்ளே புகுந்துவிடும். ஆனால் மிகவும் சாய்வாக, ஒரு டிகிரி அளவில் உரசிக்கொண்டு போனால் தெறிக்கும். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். புதாற்றில் ஓட்டாஞ்சில்லை மேலிருந்து போட்டால் 'முளுக்' என்று மூழ்கும். படுக்கை வாட்டில் வீசினால் தத்தித் தத்தி அக்கரை வரை போகும். எக்ஸ்ரேயும் அப்படித்தான்.

இப்படி உரசித் திரும்பும் கதிர்களை ஒரு புள்ளியில் குவிக்க நீளம் வேண்டும். கண்ணாடிக்கும் கேமராவுக்கும் இடையே பல மீட்டர் தூரம் தேவைப்படும். ஒரு கண்ணாடி பிடிக்கும் கதிர்களும் கொஞ்சம்தான். அதனால் வெங்காயத் தோல் போல ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கண்ணாடிகளை அடுக்குகிறார்கள்.

நம் நாட்டு உதாரணம் ஆஸ்ட்ரோசாட். 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்டது. அதிலுள்ள மென் எக்ஸ்ரே டெலஸ்கோப்பின் கண்ணாடிகளை மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் செய்தார்கள். தங்க முலாம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகள். மொத்தம் 320. குவிய தூரம் 2 மீட்டர். கேமரா, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஒத்துழைப்புடன் வந்த சிசிடி கேமரா. அதாவது பழைய டிஜிட்டல் கேமராக்களில் இருந்த அதே வகைச் சில்லு. ஆனால் இது சுமார் மைனஸ் 80 டிகிரி குளிரில் வேலை செய்யும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடிகள் அல்ல. இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, ஏவியவுடன் அவர்கள் கேமராவின் கதவைத் திறக்கவில்லை. சாட்டிலைட்டின் பிளாஸ்டிக், பசை போன்றவற்றிலிருந்து வெளியேறும் ஆவி குளிர்ந்த சிசிடி மேல் படிந்துவிடும் என்ற கவலை. சுமார் நான்கு வாரம் பொறுத்து, அக்டோபர் 26 அன்றுதான் திறந்தார்கள். இரண்டாவது, கேமராவின் நான்கு மூலைகளிலும், கதவிலும் இரும்பு-55 என்ற கதிரியக்கப் பொருளைத் துளி அளவு வைத்திருந்தார்கள். அது வெளியிடும் எக்ஸ்ரேயின் ஆற்றல் எவ்வளவு என்பது முன்பே துல்லியமாகத் தெரியும். கேமரா அந்த அளவைச் சரியாகக் காட்டினால் கருவி நலம். இல்லையென்றால் கருவியில் ஏதோ மாறிவிட்டது. தராசுடன் படிக்கல்லையும் சேர்த்தே விண்வெளிக்கு அனுப்பியது போல. கீழே செய்த சோதனை போதாது, மேலேயும் தினமும் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். 5 ஆண்டுக்கு என்று திட்டமிட்ட ஆஸ்ட்ரோசாட் 2025 செப்டம்பரில் 10 ஆண்டுகளை நிறைவு செய்தது.

சிங்கி இறால் கண்

சரி, ஆஸ்ட்ரோசாட் 1,500 கிலோ. 2 கிலோ டிபன் கேரியரில் என்ன செய்வது? இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கண்ணாடியே இல்லாமல் செய்வது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹாலோசாட் 2018-ல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அதில் குவிக்கும் கண்ணாடி கிடையாது. வெறும் டிடெக்டர்கள்தான். படம் கூர்மையாக வராது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்குப் படம் தேவையில்லை. நம் பால்வீதியைச் சுற்றியுள்ள சூடான வாயு எவ்வளவு, எப்படிப் பரவியுள்ளது என்பதே கேள்வி. கருவிக்கு ஏற்ற கேள்வியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாவது வழி, சிங்கி இறாலின் கண். நாகப்பட்டினம் பக்கம் சிங்கி இறாலைப் பார்த்தவர்கள் அதன் கண்ணை உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் நம் கண் போல லென்ஸ் இல்லை. நுண்ணிய சதுரக் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. ஒளி குழாய்ச் சுவர்களில் உரசித் தெறித்து ஒன்று சேர்கிறது. உரசித் தெறிப்பது என்றால் நம் எக்ஸ்ரேக்குப் பொருத்தம்தானே! இந்த அமைப்பை எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1979-லேயே ரோஜர் ஏஞ்சல் என்ற வானியலாளர் எழுதினார். 2024 ஜனவரி 9 அன்று சீனா ஏவிய ஐன்ஸ்டீன் புரோப் இந்த வகைக் கண்ணாடிகளைக் கொண்டு வானத்தின் பெரும் பரப்பை ஒரே நேரத்தில் பார்க்கிறது.

விஸ்லுசாட்-1 இதன் எளிய வடிவம். ஒரே திசையில் மட்டும் குவிக்கும் தகடுகள். குவிய தூரம் சுமார் 25 சென்டிமீட்டர்தான். அதுவும் பெட்டிக்குள் அடங்காததால், மேலே போனபின் நீளும் அமைப்பு. டிடெக்டர் 256க்கு 256 பிக்சல். இன்றைய செல்போன் கேமராவோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் பிக்சல் எண்ணிக்கை அங்கே முக்கியமில்லை. ஒவ்வொரு துகளும் எங்கே பட்டது என்பதைத் தனித்தனியாகச் சொல்லும்.

மேலே போனபின் நீளும் அமைப்பு என்று சொன்னேன் அல்லவா? அதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த கதை அதைப் பற்றியதுதான்.

அங்கே ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் நாம் என்ன செய்வோம்? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம். விண்வெளியில் அதற்கு ஆள் இல்லை.

ஜப்பான் 2016 பிப்ரவரி 17 அன்று ஹிட்டோமி என்ற எக்ஸ்ரே சாட்டிலைட்டை ஏவியது. அதன் ஒரு டெலஸ்கோப்புக்குக் குவிய தூரம் 12 மீட்டர். அவ்வளவு நீளத்தை ராக்கெட்டில் வைக்க முடியாது. எனவே நீளும் சட்டம். பிப்ரவரி 28 அன்று அதை நீட்டினார்கள். ஒழுங்காக நீண்டது. சட்டம் நீண்டால் சாட்டிலைட்டின் எடை பரவியிருக்கும் விதமே மாறும். கையில் கம்பு இல்லாமல் சுற்றுவதும் நீளக் கம்பைப் பிடித்துக் கொண்டு சுற்றுவதும் ஒன்றில்லையே! அதற்கேற்ப, அவசர நேரத்தில் சாட்டிலைட்டை நிலைப்படுத்தும் சிறு இன்ஜின்களுக்கான எண்களை மாற்றிப் புதிதாக அனுப்பினார்கள். அந்த எண்களில் தவறு. அனுப்பும் முன் அவற்றை முறையாகச் சரிபார்க்கவில்லை.

கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தத் தவறு வெளியே தெரியவில்லை. அந்த எண்கள் தேவைப்படும் அவசரம் வரவில்லை. மார்ச் 26 அன்று வந்தது. சும்மா நின்று கொண்டிருந்த சாட்டிலைட் தான் மணிக்கு 21.7 டிகிரி வேகத்தில் சுழல்வதாகத் தவறாகக் கணக்கிட்டது. இல்லாத சுழற்சியை நிறுத்த முயன்று, உண்மையிலேயே சுழல ஆரம்பித்தது. கடைசிப் பாதுகாப்பாகச் சிறு இன்ஜின்கள் இயங்கின. தவறான எண்கள்! சுழற்சி நிற்பதற்குப் பதில் கூடியது. சோலார் பேனல்கள் பிய்ந்து போயின. ஏப்ரல் 28 அன்று ஜப்பான் கைவிட்டது.

கண்ணாடி உடையவில்லை. கேமரா பழுதாகவில்லை. போனது ஒரு செட்டிங்ஸ் பைலால்! அதற்கு மாற்றாக எக்ஸ்ரிஸம் என்ற சாட்டிலைட் 2023 செப்டம்பரில்தான் மேலே போக முடிந்தது. ஏழு ஆண்டு இழப்பு. அதில் அந்த நீளும் சட்டமே கிடையாது.

இது ஜப்பான் கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. அதில் ஆசாதிசாட் என்ற 8 கிலோ சாட்டிலைட். நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் உருவாக்கிய கருவிகள் உள்ளே. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைத்தது. ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பிரியும்போது சிறிது நேரம் அதிர்வு. அளவுமானிகள் தம் எல்லையைத் தாண்டிய எண்ணைக் காட்டின. சென்சார் கெட்டுவிட்டது என்று சாப்ட்வேர் முடிவு செய்து மாற்று வழிக்குப் போனது. உண்மையில் சென்சார் நன்றாகத்தான் இருந்தது. விளைவு, 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதில் 356க்கு 76 கிலோமீட்டர் நீள்வட்டம். 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இழுத்துவிடும். 750 பிள்ளைகளின் உழைப்பு சாம்பலானது.

இஸ்ரோ காரணத்தை மறைக்கவில்லை. திருத்தி, 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாம் முறை வென்றது. ஆசாதிசாட்-2 சுற்றுப் பாதையை அடைந்தது. இது பாராட்ட வேண்டியது. ஆனால் இஸ்ரோவுக்கு இரண்டாவது ராக்கெட் உண்டு. ஒரு பொறியியல் கல்லூரிக்கு இரண்டாவது வாய்ப்பு எப்போது வரும்?

எங்கள் ஐஸ் பெட்டி

பிறரைச் சொல்லும் முன் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி கடைசி வருடத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மாதிரி சாட்டிலைட் செய்தோம். ஏவுவதற்கு இல்லை, காட்சிக்கு. பத்து சென்டிமீட்டர் பெட்டி. உள்ளே ஒரு மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு, வெப்பம், வெளிச்சம் பார்க்கும் சென்சார்கள், ரேடியோ. விழாத் தேதி முதலிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. சிறப்பு விருந்தினரும் ஒப்புக்கொண்டுவிட்டார். பெட்டி வேலை செய்கிறதா என்பதைவிட, பெட்டி மேல் லோகோ ஒட்டியாகிவிட்டதா என்றுதான் அதிகம் கேட்டார்கள்.

எங்களில் ஒருவனின் அப்பா மீன் வியாபாரி. விளையாட்டாகப் பெட்டியை அவருடைய தெர்மகோல் ஐஸ் பெட்டியில் வைத்து, ஐஸ் மேல் உப்பைக் கொட்டினோம். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பது குச்சி ஐஸ் செய்பவர்களுக்குத் தெரியும். 3 டிகிரி, 2, 1, 0... அடுத்து 255 டிகிரி! உடனே எங்கள் புரோகிராம் 'அதிக வெப்பம்' என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் இருந்த சாட்டிலைட் வெந்து போவதாக நினைத்துக் கொண்டது!

காரணம் எளிது. வெப்ப அளவை 0 முதல் 255 வரை மட்டுமே எழுதக்கூடிய ஒரு பைட்டில் வைத்திருந்தோம். மைனஸ் குறிக்கு அங்கே இடமில்லை. மைனஸ் 1 என்பது 255 ஆகிவிட்டது. தஞ்சாவூர் வெயிலில் எழுதிய புரோகிராம். மைனஸ் என்பது யாருக்கும் தோன்றவில்லை. உப்பும் ஐஸும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

திருத்தினோம். விழா நன்றாக முடிந்தது. போட்டோ பத்திரிகையில் வந்தது. பிறகு பெட்டியைக் கல்லூரி மொட்டை மாடியில் வைத்து ஓடவிட்டோம். ஐம்பதாவது நாள் நின்றது. எங்கள் போர்டு நேரத்தை மில்லி செகண்டில் எண்ணும். 32 பிட் எண்ணில் அடங்குவது 49.7 நாள் வரைதான். அதன் பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 'அடுத்த வேலை இத்தனை மணிக்கு' என்று காத்திருந்த எங்கள் புரோகிராம், பின்னோக்கிப் போன கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்துவிட்டது. பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இதே 49.7 நாள் பிரச்சினை இருந்தது. அவ்வளவு நாள் யாரும் ஆப் செய்யாமல் வைப்பதில்லை என்பதால் பலருக்கும் தெரியவில்லை.

உண்மையான சாட்டிலைட்டாக இருந்தால் எங்கள் பெட்டி முதல் முறை பூமியின் நிழலுக்குள் போனபோதே தன்னை அணைத்துக் கொண்டிருக்கும். தப்பிப் பிழைத்தால் ஐம்பதாம் நாள் நின்றிருக்கும். பத்திரிகையில் போட்டோ மட்டும் இருந்திருக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஒரு எச்சரிக்கை. எக்ஸ்ரே கருவியையோ கதிரியக்கப் பொருளையோ வீட்டில் தொட நினைக்காதீர்கள். அதற்கு அவசியமும் இல்லை. உண்மையான எக்ஸ்ரே தகவல்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன.

நாசாவின் சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் தகவல்கள் பொதுவில் உள்ளன. ஆஸ்ட்ரோசாட் தகவல்களை 2018 முதல் இஸ்ரோ பொதுவில் வைத்துள்ளது. பதிவு செய்து கொண்டு டவுன்லோட் செய்திடலாம். பைல்கள் பிட்ஸ் என்ற வகையில் இருக்கும். இவற்றைத் திறக்க டிஎஸ்9 என்ற இலவச சாப்ட்வேர் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். முதலில் காசியோப்பியா ஏ என்ற வெடித்த நட்சத்திரத்தின் சந்திரா பைலைத் திறந்து பாருங்கள். 1999-ல் சந்திரா வெளியிட்ட முதல் படம் இதனுடையதுதான். நடுவில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதற்கு முன் யாரும் தெளிவாகப் பார்த்திராத புள்ளி.

அந்தப் பைலின் உள்ளே படம் கிடையாது என்பது சுவாரசியமான விஷயம். எக்செல் ஷீட் போன்ற அட்டவணைதான் இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு எக்ஸ்ரே போட்டான். எந்த நேரத்தில் வந்தது, எந்த இடத்தில் பட்டது, எவ்வளவு ஆற்றல் என்பவை காலங்களாக இருக்கும். எக்செல்லில் பில்டர் போடத் தெரிந்தவருக்கு இது பாதி புரிந்துவிடும். மேலும் ஆழமாகப் போக நாசாவின் ஹீசாப்ட் தொகுப்பு இலவசம். லினக்ஸ் தேவை. விண்டோஸில் உள்ளேயே லினக்ஸ் நிறுவும் வசதி உள்ளதால் கவலை வேண்டாம்.

இனி சோதனை. உங்கள் கம்ப்யூட்டரை 'விண்வெளி' ஆக்குங்கள். ஒரு ராஸ்பெரி பை அல்லது பழைய லேப்டாப்பை 'சாட்டிலைட்' ஆக்குங்கள். அட்டவணையின் வரிகளை, அவை வந்த அதே நேர இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சாட்டிலைட்டுக்கு அனுப்ப ஒரு சின்னப் புரோகிராம் எழுதுங்கள். பைத்தான் போதும். சாட்டிலைட் அவற்றை எண்ணி, சுருக்கி, சேமித்து, கேட்டபோது திருப்பித் தர வேண்டும். இது ஒழுங்காக நடந்தபின் வம்பு செய்யத் தொடங்குங்கள்.

முதல் வம்பு, ஒரு பிட்டை மாற்றுங்கள். விண்வெளித் துகள் மெமரியில் பட்டால் 0 என்பது 1 ஆகும். சாட்டிலைட்டுக்கு அது தெரிகிறதா?

இரண்டாவது, சென்சார் எல்லையைத் தாண்டிய எண்ணை ஒரே ஒரு நொடி அனுப்புங்கள். உடனே பதறி எல்லாவற்றையும் அணைக்கிறதா? எஸ்எஸ்எல்வி பாடம் இது.

மூன்றாவது, நேரத்தைப் பின்னோக்கித் திருப்புங்கள். கடிகாரத்தை 49 நாள் 17 மணி என்று வைத்துத் தொடங்குங்கள். எங்களைப் போல ஐம்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

நான்காவது, பைல் எழுதிக் கொண்டிருக்கும்போதே கரண்ட்டை நிறுத்துங்கள். இந்தச் சோதனைக்கு நம் ஊரில் தனியாக வசதி செய்ய வேண்டியதில்லை, மின்வாரியமே அவ்வப்போது செய்து கொடுக்கும்!

ஐந்தாவது, செட்டிங்ஸ் பைலில் ஒரே ஒரு மைனஸ் குறியை மாற்றிவிட்டு நண்பரிடம் கொடுங்கள். அவரிடம் உள்ள சோதனை முறை அதைக் கண்டுபிடிக்கிறதா? இது ஹிட்டோமி பாடம். புரோகிராமை நூறு முறை சோதிப்பவர்கள்கூட செட்டிங்ஸ் பைலைச் சோதிப்பதில்லை.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

வைப்ரேஷன் மேஜை, வெற்றிட அறை இவற்றையெல்லாம் வீட்டில் செய்ய முடியாதே என்று கேட்கலாம். உண்மை. ராக்கெட்டின் குலுக்கலையும், காற்றில்லாத இடத்தின் சூட்டையும் குளிரையும் பார்க்கப் பெரிய கூடம் வேண்டும். அகமதாபாத்தில் இன்ஸ்பேஸ் அமைப்பின் தொழில்நுட்ப மையத்தில் அத்தகைய வசதிகள் உள்ளன. ஆனால் அங்கே கிடைக்கும் நாட்கள் அரிது. அந்த நாட்களை மைனஸ் குறிப் பிழையைக் கண்டுபிடிப்பதற்குச் செலவிடக் கூடாது. வீட்டில் பிடிக்க வேண்டிய பிழையை வீட்டிலேயே பிடித்துவிட்டுப் போக வேண்டும்.

முழு சாட்டிலைட் செய்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 2024 ஜனவரி 1 அன்று இஸ்ரோ எக்ஸ்போசாட் என்ற எக்ஸ்ரே சாட்டிலைட்டை ஏவியது. அதே ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தை வீணாக்காமல், போயம்-3 என்ற பெயரில் 10 கருவிகளைச் சுமக்கும் மேடையாக்கினார்கள். திருவனந்தபுரம் எல்பிஎஸ் மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகளின் வீசாட் அதில் ஒன்று. புற ஊதாக் கதிரை அளக்கும் கருவி. மின்சாரம், ரேடியோ எல்லாம் மேடையே தரும்போது, மாணவர்கள் தங்கள் கருவியில் மட்டும் கவனம் வைக்கலாம். ஒரு சின்ன எக்ஸ்ரே டிடெக்டரை இப்படி அனுப்ப டெல்டா கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து முயன்றால் என்ன? ஒரு கல்லூரி செய்யட்டும். இன்னொரு கல்லூரி அதை உடைக்கப் பார்க்கட்டும். செய்தவரே சோதித்தால், தான் பெற்ற பிள்ளை என்று பிழை கண்ணில் படாது.

'மாணவர்கள் கற்றுக்கொள்வதற்குத்தானே, தோற்றால்தான் என்ன?' என்று சில பேராசிரியர்கள் சொல்வார்கள். இதில் நியாயம் இருக்கிறது. தோற்பது தவறில்லை. ஆனால் எதனால் தோற்றோம் என்று தெரிந்தால்தான் அது கல்வி. மேலே போய் மௌனமாகிவிட்ட பெட்டியிடமிருந்து எதையும் கற்க முடியாது. ஐஸ் பெட்டியில் தோற்றால் அன்று மாலையே காரணம் தெரியும்.

'நெல் விளையும் ஊருக்கு எக்ஸ்ரே டெலஸ்கோப் எதற்கு?' என்றும் கேட்பார்கள். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரங்களை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்றில்தான் ஜியாக்கோனி அந்த 1962 கருவியைச் செய்தார். ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள ஒரு டிடெக்டர் வகை இன்று மருத்துவமனை ஸ்கேன் கருவிகளிலும் இருக்கிறது. தவிர, இந்த வானியலுக்கும் நம் காவிரிக்கும் உறவும் உண்டு. சந்திரா டெலஸ்கோப் தாங்கியிருக்கும் பெயர் சுப்ரமணியன் சந்திரசேகருடையது. அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமன் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவானைக்காவலில்.

குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது வந்தபின் நம் கல்லூரிகளுக்கு ஆசை இன்னும் கூடும். கூடட்டும், நல்லதுதான். ஆனால் விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு அதற்குள் சோதனையை நெருக்குவதை அதற்குள் நிறுத்தியாக வேண்டும். சோதனைக் குறிப்பேடு நிறைந்தபின் தேதி குறிப்போம்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது அப்பா சம்பா விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுக் கொண்டிருந்தார். கரைசலில் முட்டை மிதக்க வேண்டும். அந்த அளவு உப்பு. மிதக்கும் பதரை அள்ளி எறிந்தார். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நூறு நெல்லை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைத்தார். "கடையில் வாங்கின விதைதானேப்பா, பையிலேயே முளைப்பு அளவு அச்சடிச்சிருக்கே" என்றேன்.

"அது அவன் பார்த்தது தம்பி. நான் பார்க்க வேணாமா? நாத்து விட்டப்புறம் முளைக்கலேன்னா ஒரு போகம் போச்சுல்ல" என்றார்.

அவருக்குப் போனால் ஒரு போகம். சாட்டிலைட் செய்யும் நம் மாணவர்களுக்குப் போவது மூன்று, நான்கு வருடம். டிஎஸ்9 டவுன்லோட் செய்து ஒரு பைலையாவது திறந்து பாருங்கள். பக்கத்துக் கல்லூரியில் சாட்டிலைட் குழு இருந்தால், அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மைனஸ் டிகிரியில் ஓட்டிப் பார்த்தீர்களா?" உங்கள் சோதனையில் கிடைத்த பிழைகளை எங்களுக்கும் எழுதுங்கள்.